வாக்காளர் இடாப்பில் எம்மவர் பெயர்கள்

இலங்கைப் பாராளுமன்றத்துக்கு 2024 நவம்பர் 14 ஆந் திகதி நடைபெற்ற பொதுத் தேர்தலின் முடிவுகள் வெளியான நாள் முதலாக, இலண்டன் மாநகரில் எம்மவர் இருவர் கூடிய இடமெல்லாம் அதுவே பேச்சாயிற்று. கோயில் வீதியிலும், வாரவிடுமுறைத் தமிழ்ப் பாடசாலை வாயிலிற் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும் பெற்றோரிடையேயும், ஈஸ்ட்ஹாம் மரக்கறிக் கடைகளிலும், ரூட்டிங்கில் நடந்த ஒரு கலியாண வீட்டின் சாப்பாட்டு மேசையிலும் இதே வாதத்தை நான் கேட்டேன். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் தெற்கைத் தளமாகக் கொண்ட ஒரு கட்சி முதலிடம் பெற்றது வரலாற்றில் இதுவே முதல் தடவை. தேசிய மக்கள் சக்திக்கு எம்மக்கள் இவ்வாறு வாக்களிக்கலாமோ என்று ஒரு சாரார் கொதித்தனர். ஒற்றுமையற்ற தமிழ்க் கட்சிகளுக்கு இது வேண்டும் என்று மறு சாரார் மகிழ்ந்தனர். அந்த மாவட்டத்தில் வாக்குரிமை உடையவர் எவரும் இந்த இரு சாராருள்ளும் இருக்கவில்லை என்பதை எவரும் எடுத்துச் சொல்லவில்லை.

தேசிய மக்கள் சக்திக்கு மூன்று, இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, சுயேச்சைக் குழுவொன்றுக்கு ஒன்று என்று யாவரும் விரல் மடித்து எண்ணினர். எவருக்கு எத்தனை என்பதிலே கண்ணாயிருந்த நாம், மொத்தம் எத்தனை என்பதைக் கவனியாது விட்டோம். மொத்தம் ஆறு. அதற்கு முன்னைய 2020 ஆம் ஆண்டுத் தேர்தலில் அது ஏழாக இருந்தது. எந்தக் கட்சியும் தோற்காமல், எந்த வாக்காளரும் புள்ளடி போடாமல், வாக்கெடுப்புக்கு முன்னரே யாழ்ப்பாணம் ஓர் ஆசனத்தை இழந்திருந்தது. அது பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

1977 யூலை 21 இல் நடைபெற்ற தேர்தலின்போது நான் பத்து வயதுச் சிறுமி. தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னம் எமது ஒழுங்கை மதில்களிலெல்லாம் சுண்ணாம்பினால் வரையப்பட்டிருந்தது. தொகுதிகளின் பெயர்களை வாய்ப்பாடு போல ஒப்புவிப்பது அந்நாளிற் சிறுவருக்கு ஒரு விளையாட்டு. ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி. ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் உறுப்பினராகப் பதினொருவர், பதினொருவரும் கூட்டணியினர். நாடு முழுவதும் பதினெட்டு ஆசனங்களைப் பெற்ற அக்கட்சியின் அ. அமிர்தலிங்கம் அவர்கள் எதிர்க்கட்சித் தலைவரானார்.

அதன் பின்னர் பன்னிரண்டாண்டுகள் பொதுத் தேர்தலே நடைபெறவில்லை. 1982 டிசம்பரில் ஒரு சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்துக்கொண்டார்கள். 1989 பெப்ரவரியில் விகிதாசார முறையின் கீழ் முதற் பொதுத் தேர்தல் வந்தபோதும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குப் பதினொரு ஆசனங்களே இருந்தன. 1994 இற் பத்து. 2000, 2001, 2004, 2010 ஆகிய நான்கு தேர்தல்களிலும் ஒன்பது. 2015 இல் ஏழு, 2020 இலும் ஏழு, 2024 இல் ஆறு. பழைய பதினொரு தொகுதிகளின் பெயர்களும் வாக்களிப்புப் பிரிவுகளாக இன்றும் இருக்கின்றன. ஆட்கள்தான் ஆறு பேர்.

இதைச் சூழ்ச்சி என்று ஒரு வார்த்தையிற் சொல்லி முடித்துவிடலாம். அவ்வாறு சொல்வோரும் இருக்கிறார்கள். ஆயினும் கணக்கு வெளிப்படையானது, அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டது. பாராளுமன்ற உறுப்பினர் 225 பேர். அவர்களுள் 29 பேர் தேசியப் பட்டியலால் வருவோர். எஞ்சிய 196 பேரும் மாவட்டங்களிலிருந்து தெரிவு செய்யப்படுவோர். அந்த 196 இல் மாகாணத்துக்கு நான்கு என்ற வீதம் ஒன்பது மாகாணங்களுக்கும் 36 ஆசனங்கள் முதலில் ஒதுக்கப்பட்டுள்ளன. மீதி 160 ஆசனங்களும் வாக்காளர் இடாப்பிலுள்ள பெயர்களின் தொகைக்கு ஏற்பப் பங்கிடப்படுகின்றன. வட மாகாணத்துக்குரிய நான்கில் வன்னி மாவட்டத்துக்கு மூன்றும் யாழ்ப்பாணத்துக்கு ஒன்றும் போகின்றன. 2024 இல் நாடு முழுவதும் பதிவு பெற்றிருந்த வாக்காளர் ஏறத்தாழ 171 இலட்சம். அதை 160 ஆற் பிரித்தால் ஓர் ஆசனத்துக்கு ஒரு இலட்சத்து ஏழாயிரம் பெயர்கள் வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தில், கிளிநொச்சியையும் சேர்த்து, இருந்த பெயர்கள் 5 இலட்சத்து 93 ஆயிரம். ஐந்து ஆசனமும் சில்லறையும். அதனோடு அந்த ஒன்று, ஆக ஆறு.

தெற்கிலே பெயர்கள் பெருகிக்கொண்டு போகின்றன, வடக்கிலே அந்த வேகத்திற் பெருகவில்லை. ஒதுக்கும் தொகை மாறாதபடியால், ஓரிடத்திற் கூடினால் மற்றோரிடத்திற் குறைந்தே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஏன் பெருகவில்லை என்பதை இப்பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2011 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது தமிழே தமது முதன்மை மொழி என்று குறித்தோர் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். அவர்களுள் தமிழகத்தாரும் உளர், சிறு பிள்ளைகளும் உளர். என்றாலும் கனடாவையும் பிரான்சையும் சுவிற்சர்லாந்தையும் ஜேர்மனியையும் நோர்வேயையும் சேர்த்து நினைத்துப் பார்த்தால், பதினொன்றுக்கும் ஆறுக்கும் இடையிலுள்ள அந்த ஐந்து ஆசனங்களும் எங்கெங்கே குடியிருக்கின்றன என்பது ஓரளவு தெரியவரும்.

இடாப்பு என்ற சொல்லை முதன்முதலில் நான் அறிந்தது பாடசாலையில். பின்னர் பல்கலைக்கழகத்திற் கலைப்பட்டம் பெற்று ஆசிரியையாகி, நாள்தோறும் காலையில் வகுப்பு இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிட்டவள் நான். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே எழுந்து சாவகச்சேரிப் பக்கம் நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்து வகுப்பை மீண்டும் கூட்டியபோது, பழைய இடாப்பிலிருந்த பெயர்களிற் பாதிக்கு மேல் மறுமொழி இல்லை. சில நாட்கள் பொறுத்துப் பார்த்து, சிவப்பு மையினாற் கோடிட்டு, 'விலகல்' என்று எழுதவேண்டும். அது விதி.

வாக்காளர் இடாப்பை நான் கையில் எடுத்தது 2000 ஆம் ஆண்டு ஒக்டோபர் 10 ஆந் திகதி. தேர்தற் கடமைக்கு ஆசிரியர்களை அழைப்பது எங்கள் நாட்டு வழக்கம். வலிகாமத்திலே ஒரு பாடசாலையின் நீண்ட மண்டபத்தில் அமைந்த வாக்களிப்பு நிலையத்தில் எனக்குக் கிடைத்தது பெயர் வாசிக்கும் வேலை. வாக்காளர் வந்து நின்றதும் அவரது தொடரிலக்கத்தையும் பெயரையும் உரத்த குரலில் வாசிக்கவேண்டும்; வாங்கில் அமர்ந்திருக்கும் கட்சி முகவர்கள் தங்கள் பிரதியில் அதைக் கோடிடுவார்கள். வெளியே ஆயுதம் தாங்கிய காவல். இடம்பெயர்ந்து வந்தோருக்கென வேறிடங்களிற் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் வைத்திருந்தனர். காங்கேசன்துறைப் பக்கத்து மக்கள் தமது சொந்தத் தொகுதிக்கான வாக்கைத் தமது சொந்த மண்ணிற் போடமுடியாதிருந்த காலம் அது.

மதியமாவதற்குள் ஒன்றைக் கவனித்தேன். நான் வாசித்த இலக்கங்கள் தொடராக வரவில்லை. பதினான்குக்குப் பிறகு அறுபத்தொன்று, அதன் பின் நூற்றெட்டு. நடுவிலே பக்கம் பக்கமாக ஒரு கோடும் விழாத பெயர்கள். ஒரு வீட்டிலக்கத்தின் கீழ் ஏழு பெயர் இருக்கும். வந்து நிற்பவர் ஒரு கிழவியாக இருப்பார். நான் எட்டாம் வகுப்பிற் படிப்பித்த பிள்ளைகளின் தமையன்மார் பெயர்கள், எனக்கே படிப்பித்த ஆசிரியை ஒருவரின் பெயர், அயலில் 1990 இல் எறிகணை பட்டு மாண்ட ஒருவரின் பெயர், எல்லாம் அழகாக அச்சிடப்பட்டு இலக்கம் தவறாமல் இருந்தன. போர்க் காலத்தில் வடக்கின் இடாப்பை வீடு வீடாகச் சென்று முறையாகத் திருத்த இயலாமற் போகவே, பழைய பெயர்கள் ஆண்டுக்காண்டு அப்படியே தொடர்ந்தன.

பிற்பகலில் வந்த ஒரு முதியவர் தம் வாக்கைப் போட்டுவிட்டு மீண்டும் என் மேசையருகே வந்தார். "ரீச்சர், கீழை இருக்கிறது என்ரை மேன்ரை பேர். அவன் சுவிசிலை. அவன்ரையையும் நானே போட்டிட்டுப் போகட்டோ?" என்று மெல்லக் கேட்டார். பக்கத்தில் இருந்த தலைமைதாங்கும் அலுவலர், "ஒராளுக்கு ஒண்டுதான் ஐயா" என்றார். முதியவர் கோபிக்கவில்லை. "அவன் காசு அனுப்புறான், வாக்கு அனுப்பேலாதோ?" என்று சொல்லிவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு போனார். முகவர்கள் சிரித்தார்கள். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோர், பதிவு பெற்றிருந்தோரில் ஐந்தில் ஒருவர் அளவே. மற்ற நால்வருக்கும் சேர்த்தே ஒன்பது ஆசனங்கள் கிடைத்தன.

அதற்கும் முந்திய 1994 ஓகஸ்ட் தேர்தலை நினைத்தால் இது பரவாயில்லை. அன்று குடாநாட்டின் பெரும் பகுதியில் வாக்குப்பெட்டி வைக்கப்படவேயில்லை. பதிவு பெற்றிருந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட வாக்களிக்கவில்லை. பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகளைக் கொண்டு ஒரு கட்சி ஒன்பது ஆசனங்களைப் பெற்றது. வெற்று வாக்குப்பெட்டி எமக்கு நெடுநாட் பழக்கம். 1931 இல் இலங்கையர் அனைவருக்கும் முதன்முதலாக வாக்குரிமை கிடைத்தபோதே, பூரண சுயராச்சியம் கேட்ட யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பினால் வடக்கின் நான்கு தொகுதிகளுக்கு எவரும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. அந்நான்கும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தன.

வெற்றுப் பெட்டியும் வெற்று இடாப்பும் ஒன்றல்ல. பெட்டி அடுத்த தேர்தலில் நிரம்பலாம். இடாப்பிலே பெயர் போனால் ஆசனமே போய்விடும். இதை எம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் மலையக மக்கள். 1947 இல் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அம்மக்களின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டமும், வாக்குரிமையை 1949 ஆம் ஆண்டுச் சட்டமும் பறித்தன. 1952 இல் அவர்களுக்கு ஒருவரும் இல்லை. ஆனால் தொகுதிகளைப் பிரிக்கும்போது சனத்தொகைக் கணக்கில் மட்டும் அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் வந்த மேலதிக ஆசனங்கள் அவர்களைச் சுற்றியிருந்த பிறருக்குப் போய்ச் சேர்ந்தன. தேயிலைத் தோட்டத்தில் ஆள் இருந்தார், பெயர் இல்லை. எங்கள் ஊரிலே பெயர் இருந்தது, ஆள் இல்லை.

அந்தப் பெயர்கள் எத்தனை காலம் காத்து நின்றன என்று பாருங்கள். 2010 ஆம் ஆண்டுத் தேர்தலின்போது யாழ்ப்பாண மாவட்ட இடாப்பிலே 7 இலட்சத்து 21 ஆயிரம் பெயர்கள். வாக்களித்தவர் நூற்றுக்கு இருபத்து மூன்று பேர். 2015 இற் பெயர்கள் 5 இலட்சத்து 29 ஆயிரம். வாக்களித்தவர் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல். இரண்டு இலட்சம் பெயர்கள் ஐந்தாண்டுக்குள் மறைந்தன. ஒன்பது ஏழாயிற்று. உள்நாட்டில் இடம்பெயர்ந்திருந்தோர் தம் சொந்த இடத்திலேயே பதிவு பெறுவதற்கென 2013 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. கடல் கடந்தவருக்கு அதில் இடமில்லை.

மறைந்த அந்த இரண்டு இலட்சத்தில் எனது பெயரும் ஒன்று. போர் முடிந்தபின் எங்கள் பகுதிக் கிராம சேவையாளர் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். அம்மா அவரை விதானையார் என்றே அழைப்பார். எங்கள் முதியவர்களுக்கு அந்தப் பதவியின் பழைய பெயர்தான் வாயில் வரும். வீட்டுப் பெயர்ப்பட்டியலில் ஐந்து பேர். அம்மா, அக்கா, இலண்டனில் நான், பாரிசிலே தம்பி, ரொறன்ரோவிலே தங்கை. மூன்றை வெட்டவேண்டும் என்று அவர் சொன்னார். அம்மா விடவில்லை. "தம்பி, பிள்ளையள் வெளியிலை போயிருக்கினம், செத்துப்போகேல்லை. உயிரோடை இருக்கிற பிள்ளையளின்ரை பேரை என்னெண்டு வெட்டுறது?" என்று கேட்டாராம். அவர் நல்ல மனிதர். தேநீர் குடித்துவிட்டுப் பேசாமற் போய்விட்டார். அடுத்த முறையும் வந்தார். சாதாரணமாக வசிக்குமிடத்திலேயே பதியலாம் என்பது சட்டம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். மூன்றாம் முறை அக்காவே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். அம்மா இரண்டு நாட்கள் அக்காவோடு பேசவில்லை என்று பின்னர் தொலைபேசியில் அறிந்தேன்.

கிராம சேவையாளர் செய்தது சரி. வாக்களிப்பு நிலையத்தில் ஒரு நாள் முழுவதும் அந்த வெறும் பெயர்களை விரலால் தடவிக் கடந்தவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆளில்லாப் பெயர்கள் கள்ள வாக்குக்கு விரித்து வைத்த பாய். நேர்மையான இடாப்பு வேண்டும் என்று கேட்பவர், அதனால் வரும் நட்டத்தையும் ஏற்கத்தான் வேண்டும். ஆனாலும் நேர்மையற்ற அந்த இடாப்பே எமது ஒன்பது ஆசனங்களை 2010 வரை காத்தது என்பதும் உண்மை. நேர்மையாக்கிய இடாப்பு, துரத்தப்பட்டவரையும் தாமாகப் போனவரையும் ஒரே கோட்டினால் வெட்டியது. அதற்குப் பரிகாரமாகப் போர் கண்ட மாவட்டங்களுக்குச் சில காலமாவது பழைய ஆசனத் தொகையை நிலைநிறுத்தியிருக்கலாம். மாகாணத்துக்கு நான்கு என்று நிலப்பரப்பையும் கருதி 36 ஆசனங்களை ஒதுக்கத் தெரிந்த அரசியலமைப்புக்கு அது முடியாத காரியமன்று. அதைக் கேட்கவேண்டிய காலத்திற் கேட்டவர்களின் குரல் பெரிதாக ஒலிக்கவில்லை.

இனி 2024 முடிவுக்கு வருவோம். ஆசனத் தொகை சுருங்குவதால் எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை. பங்கீட்டின் நீதியும் குறைகிறது. தேசிய மக்கள் சக்தி யாழ்ப்பாணத்திற் பெற்ற வாக்குகள் 80,830. செல்லுபடியான வாக்குகளில் அது ஏறத்தாழக் காற்பங்கு. அதற்குக் கிடைத்ததோ ஆறில் மூன்று, அதாவது அரைப்பங்கு. இது மோசடி அன்று. மாவட்டத்தில் அதிக வாக்குப் பெறும் கட்சிக்கு ஓர் ஆசனம் போனசாக முதலில் ஒதுக்கப்படுகிறது. நூற்றுக்கு ஐந்து வீதத்துக்குக் குறைவாகப் பெற்ற பட்டியல்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. மீதியே விகிதப்படி பிரிக்கப்படுகிறது. பத்தொன்பது ஆசனமுள்ள கம்பஹாவில் அந்த ஒரு போனஸ் ஆசனம் ஒரு பொருட்டன்று. பதினொன்று இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலும் அது தாங்கக்கூடியதே. ஆறில் ஒன்று போனசாகப் போனால், மீதி ஐந்தை வைத்துக்கொண்டு எந்த விகிதாசாரத்தைக் காண்பது?

இந்த நிலையிலேதான் ஆறு ஆசனங்களுக்கு 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள். வீடு, சைக்கிள், வீணை, சங்கு என்று தமிழ் வாக்கு எத்தனை சின்னங்களிற் சிதற முடியுமோ அத்தனையிலும் சிதறியது. இன்னொரு கணக்கு ஓர் ஆசிரியையின் மனத்தை உறுத்துவது. அம்மாவட்டத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் முப்பத்திரண்டாயிரத்துக்கும் மேல். தலா ஓர் ஆசனத்தைப் பெற்ற தமிழ்க் காங்கிரசுக்கும் சுயேச்சைக் குழுவுக்கும் கிடைத்த வாக்குகள் இருபத்தெட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பிழையாகப் புள்ளடி போட்டவர்களையும், வேண்டுமென்றே சீட்டைப் பழுதாக்கியவர்களையும் ஒரு கட்சியாகக் கருதினால், அந்தக் கட்சி மாவட்டத்தில் மூன்றாம் இடம். மேடைக்கு மேடை முழங்கிய 396 பேரும் ஒரு நாள் மாலையையாவது வாக்குச்சீட்டை நிரப்பும் முறையைச் சனங்களுக்குக் காட்டிக்கொடுப்பதிற் செலவழித்திருக்கலாம்.

முடிவு வந்த மறுநாள் அக்காவோடு பேசினேன். எந்தச் சின்னத்துக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது எனது கொள்கை. அவரே சொன்னார். திசைகாட்டி. காரணத்தையும் கேட்காமலே சொன்னார். "சீட்டை விரிச்சால் மேசை கொள்ளேல்லை. எங்கடை ஆக்கள் எல்லாரும் ஆளையாள் திட்டிக்கொண்டு நிக்கினம். ஆஸ்பத்திரியிலை மருந்தில்லை, மீன்பிடிக்கப் போற பெடியளுக்கு இந்தியப் படகுகளாலை தொல்லை, இதைப்பற்றி ஆர் கதைச்சவை? புதுசா ஒருத்தன் வந்து ஊழல் செய்யமாட்டன் எண்டு சொல்லுறான், ஒருக்காப் பாப்பம் எண்டு போட்டன்." நான் ஒன்றும் சொல்லாதிருக்கவே, அவரே தொடர்ந்தார். "ரொறன்ரோவிலையிருந்து தங்கச்சி அழுது குழறினவள், இனத்தை வித்துப்போட்டன் எண்டு. அவளுக்கு நான் சொன்னன், உனக்கு அவ்வளவு கவலையெண்டால் வந்து உன்ரை வாக்கைப் போடு, வீடு பூட்டித்தானே கிடக்கு எண்டு."

அக்காவின் தெரிவு எனக்கு உடன்பாடன்று. மாகாண சபைக்கான தேர்தலையும், காணிகளை விடுவிப்பதையும், காணாமற்போனோர் பற்றிய கேள்வியையும் கொழும்பிலே பெரும்பான்மை கொண்ட ஒரு கட்சியின் மூன்று உறுப்பினர் எவ்வளவு தூரம் வற்புறுத்துவர் என்ற ஐயம் எனக்குண்டு. 225 இல் 159 ஆசனம் பெற்ற கட்சிக்கு யாழ்ப்பாணத்து மூவரும் இல்லாவிட்டாலும் குறைவொன்றுமில்லை. அந்த ஐயத்தை அக்காவுக்குச் சொன்னேன். "உதை நீ இஞ்சை வந்து நாலு பேருக்குச் சொல்லு" என்றார். அவர் வரிசையில் நின்று, இடக்கைச் சுட்டுவிரலில் மை பூசிக்கொண்டு வந்தவர். செப்ரெம்பர் 21 இல் நடந்த சனாதிபதித் தேர்தலுக்குப் பூசிய மை சின்னிவிரலிற் போகாதிருந்ததால் இம்முறை விரலை மாற்றினார்களாம். இரண்டு விரலில் மை கொண்ட ஒருவரோடு, ஒரு விரலிலும் இல்லாத நான் எவ்வளவு நேரம் வாதாடலாம்?

எனக்கு வாக்கே இல்லை என்பதல்ல. அது வேறு நாட்டிலே இருக்கிறது. இங்கு வந்த புதிதில் என்னை வியக்கவைத்த விடயங்களுள் இதுவும் ஒன்று. பிரித்தானியப் பிரசாவுரிமை கிடைப்பதற்கு முன்னரே, இலங்கைப் பிரசை என்ற தகுதியிலேயே, 2005 மே மாதப் பொதுத் தேர்தலில் வாக்களித்தேன். பொதுநலவாய நாட்டவருக்கு இந்த நாட்டுச் சட்டம் அந்த உரிமையை வைத்திருக்கிறது. என் அடுத்த வீட்டில் முப்பதாண்டுகளாகக் குடியிருந்த இத்தாலியப் பெண்மணிக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்கில்லை. அகதியாக வந்து நான்காண்டு நிரம்பிய எனக்கு உண்டு. எங்களை ஆண்டவர்கள் என்ற உறவு இப்படி ஒரு மூலையிற் பயன்பட்டது. பாரிசிலுள்ள தம்பி பிரெஞ்சுப் பிரசையாகும் வரை காத்திருக்க நேர்ந்தது.

அன்று வாக்களிக்கச் சென்ற இடம் ஓர் ஆரம்பப் பாடசாலை மண்டபம். காவலுக்கு ஒருவரும் இல்லை. மை இல்லை. என் பெயரை எவரும் உரத்து வாசிக்கவில்லை. ஒரு பெண் அளவுகோலை வைத்து என் பெயரைக் கோடிட்டு வெட்டிச் சீட்டைத் தந்தார். மாலை நான்கு மணிக்குப் பெட்டியை மூடி முத்திரையிட்டுப் பழகிய எனக்கு, இரவு பத்து மணி வரை வாக்களிக்கலாம் என்பதே நம்புதற்கரியதாக இருந்தது. 2023 இலிருந்து இங்கும் அடையாள அட்டை கேட்கிறார்கள்.

2024 யூலை 4 இல் இங்கு நடைபெற்ற தேர்தலில் ஸ்ராட்போட் அன்ட் போ தொகுதியிலிருந்து தொழிற்கட்சியின் உமா குமரன் தெரிவானார். பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவான முதலாவது தமிழர் அவர். கனடாவில் 2011 இலேயே ராதிகா சிற்சபைஈசன் வென்றிருந்தார். ஊரின் இடாப்பிலிருந்து அழிந்த பெயர்கள் இங்கே வேறு இடாப்புகளில் ஏறியிருக்கின்றன என்று சொல்லி எம்மவர் சிலர் மனந்தேறுகின்றனர். அந்தத் தேறுதலை நான் முழுமையாக ஏற்கவில்லை. ஸ்ராட்போட்டின் உறுப்பினர் ஸ்ராட்போட்டின் குப்பையையும் வீட்டுவாடகையையும் கவனிக்கவேண்டியவர், அதுவே முறை. வலிகாமத்துக் காணிகளைப் பற்றி அவர் ஒரு கேள்வி கேட்டால் நன்றி சொல்வோம். யாழ்ப்பாணத்தின் ஏழாவது ஆசனமாக அவரைக் கொள்ளல் ஆகாது.

இடாப்பைப் பற்றி இன்னும் ஒன்று. 2024 இல் யாழ்ப்பாணத்தில் வாக்களிக்காதவர் பத்தில் நால்வர் அளவு. அவர்களெல்லாம் சோம்பலால் வீட்டிலிருந்தவர்கள் அல்லர். 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு போன பிள்ளைகள் அக்காவின் ஒழுங்கையிலேயே ஆறு பேர். அவர்களுள் நால்வரின் பெயர்களைத் தாய்மார் இன்னும் படிவத்திலிருந்து எடுக்கவில்லை என்று அக்கா சொன்னார். கிராம சேவையாளரும் மாறிவிட்டாராம். இப்போதிருப்பவர் ஓர் இளம் பெண், வீட்டுக்கு வீடு கண்டிப்பாகக் கேட்கிறாராம். எனவே அடுத்தடுத்த இடாப்புகளில் அந்தப் பெயர்களும் போகும். அவை போனபின் மாவட்டத்தின் கணக்கை ஒருவர் மீண்டும் போட்டுப் பார்க்கவேண்டியிருக்கும்.

இங்கேயும் ஆண்டுதோறும் உள்ளூராட்சிச் சபையிலிருந்து ஒரு கடிதம் வரும். இந்த முகவரியில் வாக்காளராக உள்ளோர் இவர்கள், மாற்றமிருந்தால் அறிவிக்கவும் என்று பெயர்கள் அச்சிட்டிருக்கும். எங்கள் வீட்டுக் கடிதத்தில் மூன்று பெயர்கள். மூன்றாவது பெயருக்குரிய மகன் மான்செஸ்டரிற் படிக்கிறான், விடுமுறைக்குத்தான் வருகிறான். அவன் பெயரை எடுப்பதா விடுவதா என்று சபைக்குத் தொலைபேசியிற் கேட்டேன். மாணவர் இரண்டு முகவரிகளிலும் பதிந்திருக்கலாம், பொதுத் தேர்தலில் ஓரிடத்தில் மட்டும் வாக்களிக்கவேண்டும், அவ்வளவுதான் என்றார்கள். மாற்றம் எதுவுமில்லை என்று அறிவித்துவிட்டேன்.